இருபத்தொரு அடையாளங்கள்

வெள்ளைப்பாறைப்புதூர் வட்டாரக் குழந்தைகள் பாதுகாப்பு விழிப்புக் குழு தொடங்கி ஏழு மாதம் ஆகிறது. இந்த ஏழு மாதத்தில் ஊரில் ஒரு குழந்தைகூடக் கடத்தப்படவில்லை. அதற்கு முந்தைய எழுபது வருடத்திலும் கடத்தப்படவில்லைதான். ஆனால் அந்தப் பெருமையை ஏற்றுக்கொள்ள அப்போது ஒரு குழு இல்லாததால் யாரும் அதைப் பேசுவதில்லை.

ஊர் பெரிய ஊர் இல்லை. ஆட்டையாம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நாலு கிலோமீட்டர் நடந்தால் விசைத்தறிச் சத்தம் கேட்கும். அதுதான் ஊர். குழுத் தலைவர் மயில்சாமிக்குப் பதினாறு தறி. செயலாளர் சந்திரசேகருக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. எங்கிருந்தோ வந்த ஒரு வீடியோவைப் பார்த்துத் தலைவருக்குத் தூக்கம் போயிற்று. செயலாளருக்கோ மிஷின் சும்மா கிடந்தது. இரண்டும் சேர்ந்ததில் ஒரு கையேடு பிறந்தது. ‘பிள்ளை பிடிப்போரைக் கண்டறிய இருபத்தொரு அடையாளங்கள்’ என்று மஞ்சள் அட்டை போட்டு வீட்டுக்கு ஒன்று வந்துவிட்டது.

ரொம்பக் கவனமாகத் தயாரித்த கையேடு அது. செம்பட்டைத் தலை முதல் அடையாளம். பல்லில் பாக்குக் கறை இரண்டாவது. முதுகில் பை, புழுதிச் செருப்பு, கையில் மிட்டாய், பள்ளிக்கூட வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பது என்று வரிசையாகப் போகும். பதினாலாவது, கேள்வி கேட்டால் பயப்படுவது. பதினைந்தாவது, கேள்வி கேட்டாலும் பயப்படாமல் இருப்பது. “இதுல ஒருத்தனும் தப்பிக்க முடியாதுங்க” என்று வெளியீட்டு விழாவில் சந்திரசேகர் பெருமையாகச் சொன்னார். அவர் சொன்னதில் பொய்யே இல்லை.

வெள்ளிக்கிழமை தோறும் பள்ளிக்கூடத்தில் ஒத்திகை நடக்கும். சந்திரசேகரே தலையில் செம்மண்ணைத் தடவிக்கொண்டு, முதுகில் சாக்கோடு வந்து கேட் அருகே நிற்பார். “பாப்பா, அப்பா வந்திருக்கேன், வா போலாம்” என்பார். பிள்ளைகள் “நீ எங்கப்பா இல்லை!” என்று கத்திக்கொண்டு டீச்சரிடம் ஓட வேண்டும். அதிகச் சத்தம் போட்ட பிள்ளைக்குப் பென்சில் டப்பா. போன வாரம் ஒன்றாம் வகுப்பு சண்முகப்பிரியா இரண்டாம் பரிசாக ஒரு பென்சில் வாங்கியிருந்தாள். முதல் பரிசு கை நழுவியதில் அவளுக்கு வருத்தம். இரண்டு நாள் வீட்டுக்குள் கத்திப் பழகினாள்.

இதெல்லாம் எதுவுமே தெரியாமல் ஒரு புதன்கிழமை பிற்பகல் சபரிநாதன் ஆட்டையாம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கினான்.

சபரிநாதன் ரிக் லாரியில் டிரில்லர். ராய்ப்பூரைச் சுற்றிப் பன்னிரண்டு வருடமாகக் காட்டிலும் மேட்டிலும் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிறவன். வடக்கே மழை பிடித்துவிட்டால் வண்டிகள் நின்றுவிடும், ஆட்கள் ஊருக்கு வந்துவிடுவார்கள். போன வருடம் வண்டி ஒடிசாவில் மாட்டிக்கொண்டதில் அவனால் வர முடியவில்லை. சொந்த ஊர் கெங்கவல்லிப் பக்கம். மனைவி மலர்விழி நூல் மில்லில் வேலை கிடைத்து, பிள்ளையோடு இந்த ஊரின் லைன் வீடு ஒன்றுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. இந்த இரண்டு வருடத்தில் அவன் இங்கே தங்கியது மொத்தம் பதினோரு நாள். ஊரில் அவனுக்கு யாரையும் தெரியாது, யாருக்கும் அவனைத் தெரியாது.

வருகிறேன் என்று அவன் மலர்விழியிடமும் சொல்லவில்லை. மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து தானே கூட்டிக்கொண்டு போய் வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும், மனைவி மில் வேனை விட்டு இறங்கும்போது திகைத்துப்போக வேண்டும் என்று ஆசை. சேலத்தில் இறங்கியதும் முதல் வேலையாக ஒரு வருடத்துத் தாடியை மழித்தான். மகள் முத்தம் கொடுத்தால் குத்தக் கூடாதே என்றுதான். அந்த யோசனை எவ்வளவு பெரிய தப்பு என்று சாயங்காலம் தெரிந்தது.

பள்ளிக்கூடம் விடுகிற நேரம். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். இரட்டைப் பின்னலும் விழுந்த முன்பல்லுமாக மூன்றாவதாக நின்ற பிள்ளையைப் பார்த்ததும் அவனுக்கு அடையாளம் தெரிந்தது. பையிலிருந்து சாக்லேட்டை எடுத்தான். இரண்டு நாள் ரயிலில் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்த வாக்கியத்தைச் சொன்னான்.

“பாப்பா, அப்பா வந்திருக்கேன். வா போலாம்.”

சண்முகப்பிரியா அவனை மேலும் கீழும் பார்த்தாள். அவளுடைய அப்பா செல்போனுக்குள் இருப்பவர். மஞ்சள் ஹெல்மெட்டும் முகம் நிறையத் தாடியுமாக, உள்ளங்கை அளவில் வருவார், பாதிப் பேச்சில் உறைந்து நின்றுவிடுவார். இந்த ஆள் உயரமாக, மொழுக்கென்று, செம்பட்டைத் தலையோடு நிற்கிறான். அவள் மூச்சை நன்றாக இழுத்தாள்.

“நீ எங்கப்பா இல்லை!”

அப்படியொரு குரல் மகளுக்குள் இருந்தது அவனுக்குத் தெரியாது. ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது, பிள்ளை நல்ல திடமாக இருக்கிறாளே என்று. அதற்குள் அறுபது பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள். கலைமணி டீச்சர் கை தட்டி, “சபாஷ் சண்முகப்பிரியா! இப்படித்தான் கத்தோணும்!” என்றார். இன்று வெள்ளிக்கிழமை இல்லை என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. டீச்சர் பிள்ளையை இழுத்துத் தன் சேலைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அவர் கை நடுங்குவதைச் சபரிநாதன் பார்த்தான். தன்னைப் பார்த்து ஒருவர் நடுங்குவது அவனுக்கு அதுவே முதல் தடவை.

அப்புறம் தறிச் சத்தம் நின்றது. முதலில் பக்கத்துத் தெருவில், பிறகு அடுத்த தெருவில், ஒவ்வொன்றாக. கரண்ட் இருக்கும்போது தறி நின்றால் ஆட்கள் வெளியே வருகிறார்கள் என்று அர்த்தம். பன்னிரண்டு வருடம் கம்ப்ரஸர் பக்கத்தில் நின்று பாதிச் செவிடாகிப்போன அவன் காதுக்குக்கூட அந்த அமைதி கேட்டது.

முதல் அறையை யார் கொடுத்தார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. சாக்லேட் கீழே விழுந்தது. “தொடாதீங்க, மயக்க மருந்து இருக்கும்” என்று யாரோ சொல்ல, ஒருவர் அதைக் குச்சியால் தள்ளிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினார். அவனை நூல் மூட்டைக் கயிற்றால் கட்டிப் பழைய பால் சொசைட்டிக் கட்டடத்துக்கு இழுத்துப் போனார்கள். அதுதான் குழுவின் அலுவலகம். ஜன்னல் கம்பியோடு சேர்த்து அவனைக் கட்டினார்கள்.

மயில்சாமி வெள்ளைச் சட்டைக்கு மாறிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முகத்தில் கோபமே இல்லை. ஏழு மாதம் காத்திருந்த விருந்தாளி வந்துவிட்ட நிறைவு இருந்தது.

“பயப்படாத. நாங்க எல்லாமே முறைப்படிதான் பண்ணுவோம். குழு தீர்மானம் போடற வரைக்கும் உன்னைய யாரும் அடிக்க மாட்டாங்க.”

சபரிநாதனுக்குக் கால் வெடவெடத்தது. சந்திரசேகர் பேனாவைத் திறந்து, “பதினாலு, பயப்படறான்” என்று டிக் அடித்தார். அதைக் கேட்டதும் சபரிநாதன் மூச்சைப் பிடித்து, பல்லைக் கடித்து, அசையாமல் நின்றான். சந்திரசேகர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, “பதினஞ்சு” என்று அதற்கும் ஒரு டிக் அடித்தார்.

“தலையில அதென்ன சாயம்?”

“சாயம் இல்லண்ணே, கல்லுப் பொடி. போர் ஓட்டும்போது பாறைத் தூள் பறக்கும். எத்தனை தடவை குளிச்சாலும் போகாது. நான் பன்னெண்டு வருசமா ராய்ப்பூர்ல ரிக்கு வண்டியில வேலை செய்றேன்.”

“ரிக்கா?” மயில்சாமி சிரித்தார். “திருச்செங்கோட்டு ரிக்குக்காரங்க அத்தனை பேரையும் எனக்குத் தெரியும்ப்பா. கழுத்துல சங்கிலி இருக்கும், வெள்ளை வேட்டி, பெரிய காரு. நீ ரிக்குக்காரனாட்டமே இல்லையே.”

“அவங்க மொதலாளிங்கண்ணே. நான் டிரில்லரு.”

“ஏனப்பா, ஒவ்வொருத்தனும் இப்படித்தான் இருக்கோணும்னு ஒண்ணு இருக்குதல்ல? ரிக்குக்காரன்னா ரிக்குக்காரனாட்டம் இருக்கோணும், திருடன்னா திருடனாட்டம் இருக்கோணும். நீங்க பாட்டுக்கு மாத்தி மாத்தி இருந்தீங்கன்னா நாங்க எப்படி வேலை பார்க்கறது?”

கூட்டம் தலையாட்டியது. தலைவர் சொல்வதில் நியாயம் இருப்பதாக எல்லோருக்கும் பட்டது.

அடுத்தது பேச்சு. “சேலம் ஜில்லாக்காரன்னு சொல்றான். பேச்சுல ஒரு மரியாதை வருதா பாருங்க. அண்ணே, நொண்ணேங்கறான்” என்றார் சந்திரசேகர். கெங்கவல்லிப் பக்கம் அப்படித்தான் பேசுவோம் என்று சபரிநாதன் சொன்னான். கெங்கவல்லி எங்கே இருக்கிறது என்று தலைவர் கேட்டார். குழுவில் யாரும் அங்கே போனதில்லை. “ஆத்தூருக்கு அக்கட்டாலீங்க, தாண்டிப் போகோணும்” என்று ஒரு உறுப்பினர் சொன்னார். “அங்கெல்லாம் யாரு குடியிருக்காங்கன்னு யாருக்குத் தெரியும்?” ஒரே ஜில்லாதான், இடையில் நூறு கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் அந்த அறையில் அது காசிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

ஆதார் அட்டையைச் சட்டைப் பையிலிருந்து அவர்களே எடுத்தார்கள். அது இருந்ததே பெரிய குறையாகப் போயிற்று. “நம்மூர்ல எவன் ஆதாரைக் கையில வெச்சுட்டுத் திரியறான்? தப்புப் பண்றவன்தான் தயாரா வெச்சிருப்பான்.” அட்டையில் இருந்த முகத்துக்குத் தாடி இருந்தது, அவனுக்கு இல்லை. இன்றைக்குத்தான் எடுத்தேன் என்றான். “எதுக்கு எடுத்தே?” என்று கேட்டார்கள். மகள் முத்தம் கொடுப்பாள் என்று அந்தக் கூட்டத்துக்கு நடுவில் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. ‘உருவத்தை மாற்றிக்கொள்வது’ என்கிற பதினெட்டாவது அடையாளத்துக்கும் டிக் விழுந்தது.

“சரி, உன்ற புள்ளைன்னு சொல்றயே. புள்ளையப் பத்தி என்ன தெரியும்?”

அவனுக்கு உயிர் திரும்பி வந்தது. கடகடவென்று சொன்னான். பெயர் சண்முகப்பிரியா. பிறந்தது ஆத்தூர் ஆஸ்பத்திரியில், தை மாதம் பத்தாம் தேதி. எடை இரண்டே முக்கால் கிலோ. இடது முழங்காலில் சைக்கிளில் விழுந்த தழும்பு. பல்லி என்றால் பயம். முட்டையில் மஞ்சளைத் தொட மாட்டாள்.

இதைவிட ஒரு தகப்பன் என்ன சொல்ல முடியும் என்று அவன் நினைத்தான். சந்திரசேகர் கையேட்டைப் புரட்டி, கண்ணாடியைச் சரி செய்துகொண்டு நிதானமாகப் படித்தார். “அடையாளம் பதினாறு. குறிவைத்த குழந்தையைப் பற்றிய விவரங்களை முன்கூட்டியே சேகரித்து வைத்திருப்பது.”

கூட்டத்தில் ஒரு பெண் ஐயோ என்று வாயில் அடித்துக்கொண்டாள். முழங்கால் தழும்பு வரைக்கும் பார்த்து வைத்திருக்கிறான் பாவி என்றாள். யாரோ பின்னாலிருந்து எட்டி அவன் பிடரியில் குத்தினார்கள். தீர்மானத்துக்கு முன்னால் அடிக்கக் கூடாது என்று தலைவர் கண்டித்தார். குத்தியவர் மன்னிப்புக் கேட்டார், தலைவரிடம்.

டீச்சர் சண்முகப்பிரியாவை அழைத்து வந்து நிறுத்தினார். “பயப்படாமச் சொல்லு சாமி. இது உங்கப்பனா?” என்று மயில்சாமி கேட்டார். பிள்ளை கட்டிப் போட்டிருந்த ஆளின் வாயோரத்து ரத்தத்தைப் பார்த்தாள். டீச்சரின் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இல்லை என்று தலையாட்டினாள். வாங்கிய அடியெல்லாம் சபரிநாதனுக்கு அப்போது வலிக்கவே இல்லை. அந்தத் தலையாட்டல்தான் வலித்தது.

மலர்விழியைக் கூப்பிடுங்கள் என்று கெஞ்சினான். கூப்பிட்டுத்தான் பார்த்தார்கள். மில்லில் ஷிப்ட் முடியும்வரை போன் லாக்கரில் இருக்கும். மணி அடித்து அடித்து நின்றது. “எடுக்க மாட்டேங்கறாங்க. அப்படி ஒரு புருசன் இருந்தாத்தானே எடுப்பாங்க” என்றார் சந்திரசேகர். போலீசுக்கும் போன் போட்டார்கள். வண்டி பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறது, வருகிறவரை நீங்களே பத்திரமாக வைத்திருங்கள் என்று பதில் வந்தது. ‘பத்திரமாக’ என்பதற்கு என்ன அர்த்தம் என்று கூட்டத்தில் சிறிது நேரம் விவாதம் நடந்தது.

இதற்குள் அவன் போட்டோ குழுவின் வாட்ஸாப் குரூப்பில் போய்விட்டிருந்தது. ‘பிள்ளை பிடிக்க வந்தவன் சிக்கினான்’ என்று சந்திரசேகர் போட்ட செய்தி பத்து நிமிடத்தில் நாலைந்து ஊர் சுற்றி, ‘மூன்று குழந்தைகளைக் கடத்தியவன் சிக்கினான்’ என்று அவருடைய போனுக்கே திரும்பி வந்தது. சந்திரசேகர் திடுக்கிட்டார்.

“தலைவரே, மூணு புள்ளைங்களாமா! நாம ஒண்ணுன்னுல்ல நெனச்சுட்டு இருந்தோம்!”

“யாரு அனுப்புனது?”

“மோகனூர்க்காரங்க அனுப்பியிருக்காங்க. போட்டோவும் இருக்குது பாருங்க, இதே ஆளு, இதே சட்டை.”

“அப்பப் பாரு, நமக்குத் தெரியாததெல்லாம் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குது” என்றார் மயில்சாமி. மற்ற இரண்டு பிள்ளைகளை எங்கே வைத்திருக்கிறாய் என்று அரை மணி நேரம் கேட்டார்கள். சபரிநாதனுக்கு ஒரு கட்டத்தில் தனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஏதாவது ஓர் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டால் தேடிப் போவார்கள், அதுவரை அடி நிற்கும் என்றுகூட நினைத்தான். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அந்த ஊரில் இன்னொருத்தன் மாட்டுவான் என்று தோன்ற, விழுங்கிக்கொண்டான்.

ஐந்து மணிக்குக் கூட்டம் ரோடுவரை நின்றது. இரண்டு பேர் கையில் தறி இரும்பு இருந்தது. நல்லம்மாள் என்கிற பெண், “பேசிட்டே இருக்கறீங்களே, எங்க கையில உட்டுடுங்க” என்று ஜன்னலுக்கு வெளியே நின்று மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல மனுஷி அவள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தன் தறியை நிறுத்திவிட்டு ஓடுகிறவள். இன்று அவளுக்கும் பயம், அவ்வளவுதான். சபரிநாதனுக்கு மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தது. கேட்டால் அதற்கும் ஓர் அடையாளம் இருக்குமோ என்று கேட்கவில்லை. சாகப்போகிறோம் என்று அவனுக்கு உறுதியாகத் தெரிந்துபோயிற்று. நூறு நூற்றைம்பது அடி பாறைக்கு நடுவில் பைப் சிக்கியபோதும், காட்டில் யானை வண்டியைச் சுற்றி வந்தபோதும் இப்படித் தெரிந்ததில்லை.

மயில்சாமி மைக்கைப் பிடித்தார்.

“பொதுமக்களே, நம்ம குழுவைப் பத்திச் சில பேரு தப்பாப் பேசறாங்க. நாம யாரையும் வெறுக்கறவங்க இல்லீங்க. வடக்கத்திக்காரனா இருந்தாலும், அவன் வடக்க இருக்கற வரைக்கும் நமக்குச் சகோதரன்தான். சந்தேகப்படறது நம்ம உரிமை. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லைன்னு நிரூபிக்கறது அவன் கடமை. சரி, ஒருவேளை தப்பான ஆளாவே இருந்துட்டா? அதையும் நாங்க யோசிக்காம இல்லீங்க. வருத்தம் தெரிவிச்சு ஒரு தீர்மானம் முன்னாலயே டைப் பண்ணி வெச்சிருக்கறோம். பேரை மட்டும் எழுதினாப் போதும்.”

பலத்த கைதட்டல். பிறகு ஆளைப் பொதுமக்களிடம் ஒப்படைப்பது என்கிற தீர்மானம் வாசிக்கப்பட்டது. ஒன்பது உறுப்பினரில் ஐந்து கை உயர்ந்திருந்தது. ஆறாவது கை பாதி தூக்கிய நிலையில் வெளியே ஒரு கூச்சல் கேட்டது.

மலர்விழி கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு வந்தாள். மில் வேன் டிரைவர் போனில் காட்டிய போட்டோவைப் பார்த்து, வேன் நிற்பதற்குள் குதித்திருந்தாள். தலையெல்லாம் பஞ்சு. “அது எம் புருசனுங்க! எம் புருசனுங்க அது!” என்று கத்தியபடியே அவன் மேல் விழுந்தாள். கயிற்றைப் பல்லால் கடித்தாள்.

சந்திரசேகர் கையேட்டைப் புரட்டினார். பத்தொன்பதாவது அடையாளம், உள்ளூரில் பெண் ஒருத்தியைத் துணைக்கு வைத்திருப்பது. அவர் வாயைத் திறப்பதற்குள் மலர்விழி போனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். கல்யாணப் போட்டோ, பிள்ளைக்கு மொட்டை அடித்த போட்டோ, போன வாரம் பேசிய வீடியோ. “அன்னைக்கு எம் புள்ளைக்குப் பென்சில் கொடுத்து என்ன பேசுனீங்க? அப்பா எங்க இருக்காரும்மான்னு நீங்கதானுங்களே கேட்டீங்க? ராய்ப்பூர்னு சொன்னேனா இல்லையா?”

சந்திரசேகருக்கு ஞாபகம் வந்தது. மயில்சாமியின் காதில் ஏதோ சொன்னார். ஐந்து கைகளும் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. ஆறாவது கை மெதுவாகத் தலையைச் சொறியப் போனது.

சண்முகப்பிரியா அம்மாவின் சேலையைப் பிடித்தாள். “அம்மா, இது அப்பாவா?”

“ஆமா பாப்பா. தாடிய எடுத்துட்டு வந்திருக்காரு.”

பிள்ளை அழவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கிட்டே வரவும் இல்லை.

தலைவராக இருப்பவர் இதுபோன்ற நேரத்தில் தடுமாறக் கூடாது. மயில்சாமி தடுமாறவில்லை. மறுபடியும் மைக்கை எடுத்து, இன்றைய ஒத்திகை மாபெரும் வெற்றி என்று அறிவித்தார். உண்மையான தகப்பனையே ஊருக்குள் விடாத ஊர் தமிழ்நாட்டில் வேறு எங்கே இருக்கிறது என்று கேட்டார். சண்முகப்பிரியாவுக்கு முதல் பரிசு என்றார். கூட்டம் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கை தட்டியது. கயிறு அவிழ்ந்தது. நல்லம்மாள் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். “கோவிச்சுக்காதீங்க தம்பி. பார்க்கறதுக்கு நீங்க அப்படித்தானுங்க இருந்தீங்க” என்றாள். அவன் தண்ணீரைக் குடித்தான்.

போவதற்கு ஒரு சான்று வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தெருவில் மறுபடி பிடித்துவிடுவார்கள் என்றார் சந்திரசேகர். அது நியாயமான பேச்சு. ‘மேற்படி நபர் குழுவால் பரிசீலிக்கப்பட்டுத் தகப்பன் என ஏற்கப்படுகிறார்’ என்று எழுதிச் சீல் வைத்தார். தலைவர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

அப்போதுதான் தெற்குத் தெருப் பையன்கள் இன்னொருவனை இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

ஒல்லியான ஆள். இருபத்தைந்து வயது இருக்கும். சட்டை கிழிந்து, நெற்றியில் ரத்தம். பாதையோரம் நின்று போன் பேசிக்கொண்டிருந்தானாம். போன் உடைந்திருந்தது. பையில் ஒரு சின்னப் பாட்டிலில் ஏதோ சிவப்பு மருந்து. “மயக்க மருந்துங்க தலைவரே, கையும் களவுமாப் புடிச்சுட்டோம்!” என்றார்கள். இந்தத் தடவை கூட்டத்துக்குச் சந்தேகமே இல்லை. முதல் தடவை ஏமாந்த ஆத்திரமும் அதோடு சேர்ந்துகொண்டது.

அந்த ஆள் அழுதுகொண்டே இந்தியில் பேசினான். மயில்சாமி சபரிநாதன் பக்கம் திரும்பினார்.

“ஏப்பா, நீ பன்னெண்டு வருசம் அங்க இருந்தவனாச்சே. இவன் பாஷை தெரியுமா உனக்கு? என்ன சொல்றான்னு கேளு.”

அறையில் இருந்த எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பியது. சான்றில் இன்னும் கையெழுத்து விழவில்லை. பின்னாலிருந்து ஒருவன், “அவன் பாஷை பேசுனான்னா ரெண்டு பேரும் கூட்டாளிதானுங்க” என்று தணிந்த குரலில் சொன்னது அவனுடைய பாதிச் செவிட்டுக் காதில் தெளிவாக விழுந்தது.

அந்த ஆள் சொன்னது ஒவ்வொன்றும் சபரிநாதனுக்குப் புரிந்தது. கோழிப்பண்ணையில் வேலை செய்கிறானாம். பெண் குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சலாம். மருந்துக் கடையில் சிரப் வாங்கிக்கொண்டு திரும்பும்போது வழி தப்பிவிட்டதாம். முதலாளிக்கு ஒரு போன் போட்டால் வந்து சொல்லிவிடுவாராம். முதலாளியின் நம்பர் இது என்று ஒன்பதில் தொடங்கி ஒவ்வோர் எண்ணாகச் சொன்னான். சபரிநாதனின் உதடு தன்னையறியாமல் கூடவே அசைந்தது. அந்த ஆள் அதைப் பார்த்துவிட்டான். “பையா!” என்று, இந்தியில் அண்ணனைக் கூப்பிடும் சொல்லால் கூப்பிட்டு, முழங்காலால் நகர்ந்து வந்து அவன் காலைப் பிடித்தான்.

மலர்விழி புருஷன் முகத்தையே பார்த்தாள். ராய்ப்பூரிலிருந்து வீடியோவில் பேசும்போது அவன் பக்கத்தில் இருப்பவர்களிடம் இந்தியில் சிரித்துப் பேசுவதை அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள்.

சபரிநாதன் காலை உதறினான்.

“எனக்கு இந்தி தெரியாதுங்க” என்றான்.

அவனுக்கே ஆச்சரியமாக, இந்த ஊர் ‘ங்க’ மரியாதை தானாக வந்து வாக்கியத்தில் ஒட்டிக்கொண்டது.

மயில்சாமியின் முகம் மலர்ந்தது. எழுந்து வந்து அவன் தோளில் தட்டினார். “பார்த்தீங்களா! பன்னெண்டு வருசம் அங்க கெடந்தும் ஒரு வார்த்தை கத்துக்கலை! இதுக்கு மேல என்ன அடையாளம் வேணும்? இவன் நம்மாளு!” சான்றில் கையெழுத்துப் போட்டு அவன் கையில் கொடுத்தார். கூட்டம் வழி விட்டது. சந்திரசேகர் கையேட்டில் ஒரு புதுப் பக்கத்தைப் புரட்டி, முதல் அடையாளத்திலிருந்து தொடங்கினார்.

மூவரும் வெளியே வந்தார்கள். இன்னும் வெளிச்சம் இருந்தது. சான்றை எல்லோர் கண்ணிலும் படும்படி சபரிநாதன் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நடந்தான். ஒருவரும் அவனைத் தடுக்கவில்லை. கட்டடத்துக்குள்ளிருந்து அந்தக் குரல் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது. அதே பத்து எண்கள், முதலிலிருந்து கடைசி வரை, மறுபடி முதலிலிருந்து.

தெரு முனையில் சண்முகப்பிரியா அவன் பக்கமாக வந்து, மெல்ல அவன் சுண்டுவிரலைப் பிடித்தாள்.

“அப்பா” என்றாள். “அவரு என்னங்கப்பா சொல்றாரு?”

அந்தச் சொல்லுக்காகத்தான் அவன் இரண்டு நாள் ரயிலில் வந்தான். மலர்விழி நின்று திரும்பினாள்.

“தெரியல பாப்பா” என்றான்.

மலர்விழி மகளின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பின்னால் தறிகள் எதுவும் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை.